'லூப்பர்': முதிய ஜோ வராத காலத்திலும் ரெயின்மேக்கர் எப்படி இருந்தான்?

நல்லேப்பிள்ளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், 'லூப்பர்' படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது.

எங்கள் ஊர் வாசகசாலையில் அவ்வப்போது வெளிநாட்டுப் படங்களைத் திரையிடுகிறோம். ரியான் ஜான்சன் எழுதி இயக்கி 2012-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் படத்தை அண்மையில் மலையாள வசனவரிகளோடு திரையிட்டபோது, இரண்டு கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு அங்கிருந்த எவராலும் எல்லோரும் ஏற்கும்படி விடை சொல்ல முடியவில்லை. சித்தூர் வட்டத்து நண்பர்கள் பலர் இங்கே இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2044-ஆம் ஆண்டு, கான்சஸ் மாநிலம். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு காலப்பயணம் கண்டுபிடிக்கப்பட்டு, உடனே தடையும் செய்யப்படுகிறது. தடை செய்யப்பட்ட எதுவும் யார் கைக்குப் போய்ச் சேருமோ அந்தக் குற்றக் கும்பல்களின் கைக்கே அதுவும் போய்ச் சேர்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பிணத்தை யாருக்கும் தெரியாமல் மறைப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால், கொல்ல வேண்டிய ஆளின் கைகளைக் கட்டி, முகத்தை மூடி, 2044-க்கு அனுப்பிவிடுகிறார்கள். கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் தார்ப்பாயை விரித்துக் காத்திருக்கும் 'லூப்பர்' எனப்படும் கூலிக்கொலைகாரன், ஆள் தோன்றிய நொடியிலேயே சுட்டு, முதுகில் கட்டியிருக்கும் வெள்ளிக்கட்டிகளைக் கூலியாக எடுத்துக்கொள்கிறான். (மேனோன்பாறை சர்க்கரை ஆலை ஓடிய காலத்தை அறிந்த பெரியவர்கள் அந்தக் கரும்பைப் பார்த்து வேறு பேச்சில் இறங்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.) என்றாவது ஒருநாள் வெள்ளிக்குப் பதிலாகத் தங்கம் இருந்தால், தான் சுட்டது முப்பது ஆண்டு மூத்த தன்னையே என்று அவனுக்குப் புரியும். அத்துடன் வேலையும் முடிந்தது. இளைய ஜோவாக ஜோசப் கார்டன்-லெவிட்டும் முதிய ஜோவாக புரூஸ் வில்லிஸும் நடித்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி சேத் பற்றியது. ஜோவின் நண்பனான அவன், தன் முதிய உருவத்தைச் சுட மனம் வராமல் தப்பவிட்டுவிடுகிறான். கும்பல் இளையவனைப் பிடித்து அறுக்கத் தொடங்கியதும், வேறோர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் முதியவனின் விரல்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, மூக்கு மறைகிறது, கடைசியில் காலும் இல்லாமல் போகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காலை இழந்தவன் சற்று முன்பு வரை ஓடியதும் கார் ஓட்டியதும் எப்படி?

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. எதிர்காலத்தை ஆட்டிப்படைக்கும் ரெயின்மேக்கர் என்பவன் இப்போது சிட் என்ற சிறுவன். வயலோரத்தில் சாகாமல் தப்பிய முதிய ஜோ அவனைக் கொல்ல வருகிறார்; தாய் சாரா குறுக்கே நிற்கிறாள்; அவளைச் சுட்டால் அந்தக் கோபத்திலேயே சிறுவன் ரெயின்மேக்கராக வளர்வான் என்று கண்டுகொண்ட இளைய ஜோ தன்னையே சுட்டுக்கொள்கிறான். முதியவர் மறைந்துவிடுகிறார். ஆனால் முதிய ஜோ வாழ்ந்து முடித்த முப்பது ஆண்டுகளில், அவருடைய இளமைக்காலத்தில், அனுப்பப்பட்ட முதியவர் தப்பவே இல்லை, வயலோரத்திலேயே சுடப்பட்டார். அந்த வரலாற்றில் சாராவின் பண்ணைக்கு யாரும் துப்பாக்கியோடு வரவில்லை. அப்படியிருந்தும் ரெயின்மேக்கர் உருவாகியிருக்கிறான். அவனை உருவாக்கியது யார்?

கணக்கு மாஷ், கொழிஞ்சாம்பாறை:

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். இரண்டாவது கேள்வியைக் கணக்காகப் பார்ப்பதைவிடக் கதையாகப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்; அதை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

இறந்தகாலத்துக்குத் திரும்புவது வெறும் கதைக்காரர்களின் கற்பனை அல்ல. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குக் கர்ட் கோடல் 1949-இல் கண்ட ஒரு தீர்வில், முழுவதும் சுழலும் ஒரு பிரபஞ்சத்தில், முன்னோக்கிப் பயணம் செய்துகொண்டே தன் சொந்த இறந்தகாலத்தை அடையும் பாதைகள் இருந்தன. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகச் சான்று இல்லை என்பதால் அந்தத் தீர்வு ஏட்டோடு நின்றது. ஆனால் அப்படிப்பட்ட பாதை ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்ற விவாதம் நிற்கவில்லை.

அதில் இரண்டு விடைகள் புகழ்பெற்றவை. டேவிட் லூயிஸ் என்ற மெய்யியலாளர் 1976-இல் எழுதிய கட்டுரையில், ஒருவன் தன் தாத்தாவை இளமையிலேயே கொல்வதற்காகத் துப்பாக்கியோடு போனாலும் குறி தவறும், கால் இடறும், மனம் மாறும், ஏதோ ஒன்று நடந்தே தீரும், ஏனென்றால் தாத்தா சாகவில்லை என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த செய்தி என்று வாதிட்டார். ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் இதே கருத்தை இயற்பியலின் மொழியில் சொன்னார். மற்றொன்று கிளைகளின் வழி: குவாண்டம் இயற்பியலுக்கு ஹியூ எவரெட் 1957-இல் தந்த விளக்கத்தைக் காலப்பயணத்துக்குப் பொருத்தி, பயணி வந்து சேர்வது தன் இறந்தகாலத்துக்கு அல்ல, அதைப் போன்ற வேறொரு கிளைக்கு என்று டேவிட் டாய்ச் போன்றோர் கூறினார்கள்.

'லூப்பர்' இவ்விரண்டில் எதையும் ஏற்கவில்லை. லூயிஸ் சொல்வது சரியென்றால், ஒருமுறை வயலோரத்தில் செத்த முதிய ஜோ மறுமுறை தப்பியிருக்க முடியாது. கிளைகள் என்று வைத்தால், இந்தக் கிளையின் இளைஞனை அறுத்தால் வேறு கிளையிலிருந்து வந்தவனின் விரல் ஏன் மறைய வேண்டும்? ஆகவே படத்தில் இருப்பது ஒரே காலம், அதைத் திருத்தலாம், ஆனால் திருத்தம் அது செய்யப்பட்ட நொடியிலிருந்து மட்டுமே செல்லும், அதற்கு முன் நடந்ததைத் தொடாது.

நம் ஊர் ஆற்றை வைத்தே சொல்கிறேன். ஆழியாற்றில் மதகை இறக்கினால் மணக்கடவிலும் மூலத்தரையிலும் நீர் குறையும், கடைமடையில் நிற்கும் பயிர் வாடும். ஆனால் முன்பு அதே நீரில் விளைந்து அறுத்து விற்றுவிட்ட நெல்லை எந்த மதகாலும் திரும்பப் பெற முடியாது. முதிய சேத்தின் கால் நிற்கும் பயிர். அவன் ஓடிய ஓட்டம் விற்ற நெல்.

படம் இந்த விதியைக் கடைசிவரை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். இளைய ஜோ தன் கையில் உணவகப் பணிப்பெண்ணின் பெயரைக் கீறிக்கொள்கிறான். முதியவரின் கையில் அது பழைய தழும்பாகத் தோன்றுகிறது. அவர் அதைப் படித்துவிட்டு அந்த உணவகத்துக்கு வருகிறார். இறுதிக் காட்சியிலோ, முதிய ஜோ அடியோடு மறைந்த பிறகும் அவர் சுட்டதால் சிட்டின் தாடையில் ஏற்பட்ட காயம் அப்படியே இருக்கிறது. சுட்டவர் இல்லை, காயம் இருக்கிறது. தர்க்கத்துக்கு இது பொருந்துமா என்று கேட்டால் பொருந்தாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு விளையாட்டின் விதி இயற்கையின் விதியாக இருக்க வேண்டியதில்லை, ஆட்டம் முடியும்வரை அது மாறாமல் இருந்தால் போதும். ரவிக்குமார் இயக்கி 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தில், சாக வேண்டிய குழந்தைவேலு பிழைத்துக்கொண்டதும் ஊரே மாறிவிட, போய்வந்தவர்களுக்கு மட்டும் பழைய நினைவு இருப்பதை நாம் யாரும் கேள்வி கேட்கவில்லையே.

வேலந்தாவளம் வாசகி:

மாஷ் விட்டுவைத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரெயின்மேக்கரைப் பற்றிப் படத்தில் நமக்குக் கிடைப்பவை எல்லாம் வதந்திகள்தான். தாய் சுடப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் என்றும் செயற்கைத் தாடை பொருத்தியவன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். அவனை நேரில் கண்டவர் எவரும் படத்தில் வாய் திறக்கவில்லை. ஆகவே முதல் வரலாற்றில் அவன் எப்படி உருவானான் என்பதற்கு முதிய ஜோ தேவையே இல்லை. அதற்கான காரணம் பண்ணை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாரா தன் குழந்தையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு நகரத்தில் திரிந்தவள். சிட் அந்தப் பெரியம்மாவையே தாய் என்று நம்பி வளர்ந்தான். பொருள்களைத் தொடாமலே அசைக்கும், அவனுக்கே கட்டுப்படாத ஆற்றலால் நேர்ந்த விபத்தில் அவள் இறந்தாள். அதன் பிறகு வந்து சேர்ந்த சாராவை அவன் பொய் சொல்கிறவள் என்றுதான் கருதுகிறான். தாய் கண்முன் செத்தாள், தன்னால் தடுக்க முடியவில்லை என்ற நினைவு, துப்பாக்கியோடு யாரும் வருவதற்கு முன்பே அந்தக் குழந்தையிடம் இருந்தது. எமிலி பிளண்டும் பியர்ஸ் காக்னனும் நடித்த அந்த வீட்டுக் காட்சிகளைச் சிலர் இழுவை என்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் கனமே அங்கேதான் இருக்கிறது.

அப்படியென்றால் கடைசியில் இளைய ஜோ கண்டுகொண்டது என்ன? அவன் குரலில் ஒலிக்கும் அந்தச் சில வாக்கியங்களை நாம் நிரூபணமாக எடுத்துக்கொள்கிறோம். அவை ஒரு மனிதனின் ஊகம் மட்டுமே. தாய் விற்றுவிட்ட குழந்தையாக வளர்ந்து, கும்பலிடம் சிக்கி, கையில் துப்பாக்கியை வாங்கியவன் அவன். சிட்டின் எதிர்காலத்தில் அவன் பார்ப்பது பெரும்பாலும் தன் சொந்த இறந்தகாலத்தைத்தான். ஊகம் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சிட் நல்லவனாகத்தான் வளர்வான் என்று படம் எங்கும் உறுதி சொல்லவில்லை.

மாஷ் சொன்ன அதே உணவகக் காட்சியில் வேறொன்றும் நடக்கிறது. அதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஷாங்காயில் தனக்கு வாய்த்த மனைவி, ரெயின்மேக்கரின் ஆட்கள் தன்னைப் பிடிக்க வந்தபோது கொல்லப்பட்டதைத் தடுக்கவே முதிய ஜோ வந்திருக்கிறார். இளையவன் ஒரு வழி சொல்கிறான்: அவளுடைய படத்தைக் காட்டு, பிற்காலத்தில் அவளைக் கண்டால் நான் விலகிப் போய்விடுகிறேன், நம்மைச் சந்திக்காவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்கிறான். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் மனைவியைக் காப்பாற்றும் வழி அது. முதியவர் மறுத்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது அவள் பிழைப்பது மட்டுமல்ல, அவளோடு தான் வாழ்ந்த வாழ்க்கை தன்னிடம் இருப்பதும்தான். அதற்காக, ஒரே நாளில் ஒரே மருத்துவமனையில் பிறந்த மூன்று குழந்தைகளின் முகவரியை வைத்துக்கொண்டு, எது ரெயின்மேக்கர் என்று தெரியாமலே ஒவ்வொன்றாகக் கொல்லக் கிளம்புகிறார். முதலில் கொல்வது எந்தப் பாவமும் அறியாத பிள்ளையை. புரூஸ் வில்லிஸ் என்ற முகத்துக்கு நாம் வழக்கமாகத் தரும் அனுதாபத்தை இயக்குநர் நமக்கு எதிராகவே பயன்படுத்தியிருக்கிறார்.

நல்லேப்பிள்ளிக்காரன்:

மாஷுக்கும் வாசகி அக்காவுக்கும் நன்றி. பெரியம்மாவின் சாவை வைத்துச் சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் தாடை மட்டும் இன்னும் உறுத்துகிறது. செயற்கைத் தாடை என்ற வதந்தி முதிய ஜோவின் வரலாற்றிலேயே இருந்தது. இங்கே அவர் சுட்ட குண்டு சரியாகச் சிட்டின் தாடையில்தான் உரசுகிறது. இது தற்செயல் என்றால் மிகவும் வசதியான தற்செயல் அல்லவா? எதிர்காலத்தைத் தடுக்க வந்தவரே அதை உருவாக்கிவிட்டார், வட்டம் மூடிவிட்டது என்று பார்வையாளர் நம்பட்டும் என்றே இயக்குநர் அதை வைத்திருக்கிறார். ஆனால் மாஷ் விளக்கிய விதிப்படி இந்தப் படத்தில் வட்டம் மூடவே முடியாது. இரண்டையும் ஒருசேரக் கேட்பது நியாயமா?

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்:

நியாயம் இல்லை. இதை நேரடியாகவே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் படத்துக்குத் தேவைக்கு மேல் வக்காலத்து வாங்குகிறீர்கள்.

காலப்பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உறிஞ்சுகுழல்களை மேசையில் அடுக்கிப் படம் வரைந்துகொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முதிய ஜோ எரிந்து விழுகிறார் அல்லவா, அங்கேயே இயக்குநர் கையை விரித்துவிட்டார். அதன் பிறகு விதி, மதகு, கடைமடை என்று நாம் அவருக்காக உழைக்கிறோம்.

காலத்தை விடுங்கள், தொழிலைப் பாருங்கள். ஒரு கும்பல் தன் ஆட்களின் கணக்கை முடிக்க நினைக்கிறது. அதற்கு அந்த ஆளின் கையாலேயே அவனைச் சுட வைப்பது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு? சேத்தின் முதியவன் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பாட்டைப் பாடியதும் இளையவனின் கை நடுங்கிவிட்டது. பக்கத்து வயலில் நிற்கும் வேறொருவனிடம் அனுப்பியிருந்தால் அவன் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். லாரி கிளியரன்ஸ் வேலையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஓட்டையான ஏற்பாட்டை எந்தக் கடத்தல்காரனும் செய்ய மாட்டான். இன்னொன்று: எதிர்காலத்தில் கொலையை மறைக்க முடியாது என்பதுதான் கதையின் அடிப்படை. அப்படியிருக்க, முதிய ஜோவைப் பிடிக்க வந்தவர்கள் அவர் மனைவியைச் சுட்டுவிட்டு எப்படித் தப்பினார்கள்?

ஷாங்காயும் கதைக்காக வந்த ஊர் அல்ல. முதலில் பாரிஸ் என்றுதான் எழுதியிருந்தார்கள். சீனத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று கூட்டுச் சேர்ந்ததும் ஊர் மாறியது. இளைய ஜோ பிரெஞ்சு கற்றுக்கொண்டே இருக்க, எதிர்காலத்திலிருந்து வந்த முதலாளி, ஜெஃப் டேனியல்ஸ் நடித்தவர், சீனாவுக்குப் போ என்று அறிவுரை சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

வேலந்தாவளம் வாசகி:

செக்போஸ்ட் அண்ணா, பாரிஸ் ஷாங்காய் ஆனது உண்மைதான். ஆனால் பிரெஞ்சு படிக்கும் இளைஞன் கடைசியில் சீனாவில் வாழ்ந்தான் என்பது கதைக்கு நட்டம் என்று நான் நினைக்கவில்லை. தான் விரும்பிய எதிர்காலத்துக்கும் தனக்கு வாய்த்த எதிர்காலத்துக்கும் தொடர்பே இல்லாத மனிதன்தானே அவன்.

மனைவியைச் சுட்டது திட்டமிட்ட கொலை அல்ல, பிடிக்க வந்தவர்களில் ஒருவன் பதற்றத்தில் சுட்டுவிடுகிறான். அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று படம் சொல்லாதது குறைதான், மறுக்கவில்லை.

ஆனால் தன்னையே தான் சுடும் ஏற்பாடு ஓட்டையானது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த இளைஞர்களைப் பாருங்கள். கூலி வாங்கும் நாளிலேயே போதையிலும் விருந்திலும் அதைக் கரைப்பவர்கள். தங்கம் வந்துவிட்டது என்று தெரிந்த இரவில் ஒருவனுக்கு மற்றவர்கள் விருந்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துச் சாகப் போகிறவன் தான்தான் என்பது அவர்களுக்கு வேறு யாருக்கோ நடக்கும் செய்தி. அப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்க முடியும். அதனால் எப்போதாவது ஒரு சேத் தவறுவது கும்பலுக்குப் பெரிய நட்டமே இல்லை. தவறினால் இளையவனை அறுத்தால் போதும், முதியவன் தானாக வாசலுக்கு வந்து சேர்வான். அதற்கான ஏற்பாட்டையும் அவர்கள் கைவசம் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தானே அந்தக் காட்சி காட்டுகிறது.

கணக்கு மாஷ், கொழிஞ்சாம்பாறை:

வாசகி டீச்சர் சொன்னதிலிருந்து தொடர்கிறேன். தாடையைப் பற்றிய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்தப் படத்தின் விதியில் ஒரு பக்கம் மட்டுமே கனம். இளையவன் தன் உடம்பில் செய்வதெல்லாம் முதியவர் மேல் விழும். முதியவர் இளையவனை எதுவும் செய்ய முடியாது, செய்தால் தானே அழிவார். நினைவும் அப்படியே. இளையவன் புதிதாக ஒன்றைச் செய்யும்போதெல்லாம் தன் பழைய நினைவுகள் மங்குகின்றன என்றும், மனைவியின் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போராட வேண்டியிருக்கிறது என்றும் முதியவர் சொல்கிறார். முப்பது ஆண்டு அனுபவம், திறமை, துப்பாக்கி எல்லாம் அவரிடம் இருக்க, அதிகாரம் முழுவதும் இந்த வெறும் பையனிடம் இருக்கிறது. (படப்பிடிப்பில் மட்டும் இது தலைகீழ்: கசுஹிரோ சுஜியின் ஒப்பனையால் கார்டன்-லெவிட்டின் முகத்தைத்தான் நாள்தோறும் மணிக்கணக்கில் வில்லிஸின் சாயலுக்கு மாற்றினார்கள்.)

தாடைக் காயம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று இளையவனுக்குக் காட்டும் குறி, அவ்வளவே. அவனும் அந்த வதந்தியைக் கேட்டவன். சிறுவனின் தாடையில் இரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கு வட்டம் தெரிகிறது. உண்மையில் வட்டம் இருக்கிறதா என்பது வேறு. அவனுக்குத் தெரிகிறது என்பதுதான் கதைக்கு வேண்டியது. நல்லேப்பிள்ளித் தம்பி கேட்டபடி பார்வையாளரையும் அதே மயக்கத்தில் வைத்திருக்கிறார் இயக்குநர். அது கொஞ்சம் தந்திரம்தான்.

ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் தந்திரமே இல்லாத ஒன்று உண்டு, அதற்காகவே இந்தத் திரைக்கதையை மதிக்கிறேன். படத்தின் தொடக்கத்திலேயே, கூலிக்கொலைகாரர்களின் குட்டைத் துப்பாக்கி 15 கஜத்துக்குள் இருப்பதைத் தவறவிடாது, அதற்கு அப்பால் இருப்பதைத் தொடவே தொடாது என்று சொல்லிவிடுகிறார்கள். கைகள் கட்டப்பட்டு எதிரே மண்டியிட்டிருப்பவனைக் கொல்வதற்கென்றே செய்த ஆயுதம் அது. கடைசியில் இளைய ஜோ கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கிறான். முதியவர் வெகு தொலைவில் சாராவைக் குறிவைத்து நிற்கிறார். ஓடி எட்டுவதற்கு நேரமில்லை, சுட்டால் குண்டு போய்ச் சேராது. அந்தத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருக்கும் ஜோ ஒருவன்தான்.